ஐந்து மணிச் சங்கும் என் உடற்கல்வி ஞானமும்

படித்ததை எல்லாம் உடனே யார் தலையிலாவது கொட்டிவிட வேண்டும் என்ற வியாதி, புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு உண்டு. எனக்கு அது முற்றிப்போயிருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், உடற்கல்விப் படிப்பு முடித்த சூட்டோடு ஓசூரில் ஒரு சின்னப் பள்ளியில் பி.டி. மிஸ்ஸாகச் சேர்ந்தேன். என்னிடம் அகப்பட்டவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.

வேலை தற்காலிகம்தான். பள்ளிகளுக்கான கயிறு இழுக்கும் போட்டியில் கப்பு வாங்கினால் நிரந்தரம், இல்லாவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு சாரிடம் கொடுத்துவிடுவதாகத் தாளாளர் சொல்லிவிட்டார். கல்லாவியில் இருந்த அப்பா ஒரு படி மேலே போனார். வேலை போனால் மறுநாளே ஊருக்கு வந்து, அவர் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு நான் கழுத்தை நீட்ட வேண்டுமாம். (மாப்பிள்ளை தங்கமானவர். எனக்குத்தான் ஓசூரை விட்டுப் போக மனசில்லை.)

பக்கத்துத் தொழிற்சாலையின் மைதானத்தில்தான் பயிற்சி. கயிறும் அவர்களுடையதே. ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் ஸ்டோர்காரர் பூட்டைக் கையில் எடுத்துவிடுவார். கொஞ்சம் தாமதித்தாலும் மறுநாள் கயிறு கிடையாது. அதனால் சங்குச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மைதானத்தின் கோடியில் இருக்கும் ஸ்டோருக்குத் தலைதெறிக்க ஓடுவார்கள். தினமும் இதே கூத்துதான்.

எட்டு வயதில் குழந்தைக்குக் காரண காரியம் புரியத் தொடங்கும் என்று என் புத்தகம் சொன்னது. ஆகவே, மனித வளர்ச்சிப் பருவங்களில் ஆரம்பித்துப் புவியீர்ப்பு மையம் வரைக்கும் விளக்கினேன். மண்ணில் குச்சியால் படம்கூடப் போட்டேன். ரூபா என்ற வாண்டு மட்டும் கையைத் தூக்கினாள். ஒருத்திக்காவது புரிந்ததே என்று பூரித்துப்போனேன். அவளுக்கு ஒண்ணுக்குப் போக வேண்டுமாம்.

அதே மைதானத்தில்தான் போட்டி. என் பெட்டியைத் தூக்கிப் போக வசதியாக, அப்பா வெறும் கையோடு வந்து உட்கார்ந்திருந்தார். எப்படியோ இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரே ஜூஜுவாடிப் பக்கத்துப் பள்ளி. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேழ்வரகு மூட்டை.

விசில் ஊதியதும் என் பிள்ளைகள் முன்னால் வழுக்கிக்கொண்டு போனார்கள். கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி எதிரணியின் கோட்டை நெருங்கிவிட்டது. அறிவிப்பாளரின் மைக்கைப் பிடுங்கி, பின்னங்காலில் எடையைப் போடச் சொல்லிக் கத்தினேன். யாரும் கேட்பதாக இல்லை.

அந்த நேரம் பார்த்து ஐந்து மணிச் சங்கு ஊதியது.

ரூபா சட்டென்று பின்பக்கம் திரும்பினாள். "ஸ்டோரு மூசேஸ்தாரு ரா" என்று தெலுங்கில் அலறினாள். (ஸ்டோரைப் பூட்டிடுவாங்கடா என்று அர்த்தம்.) அவ்வளவுதான். மொத்த அணியும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கக் கோடியில் இருந்த ஸ்டோரைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. போட்டி நடுவில் புறமுதுகு காட்டுகிறார்களே என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"விடுங்க பிள்ளைங்களா, ஸ்டோருக்கு ஓட வேணாம், கயித்த விட்டுடுங்க" என்று மைக்கில் கெஞ்சினேன். மைதானம் முழுக்கக் கேட்டது. நல்லவேளை, என் பிள்ளைகள் காதில் மட்டும் விழவில்லை.

மூட்டைகள் சுதாரிப்பதற்குள் சிவப்புத் துணி எங்கள் கோட்டைத் தாண்டிவிட்டது. நடுவர் விசில் ஊதினார். நின்றால்தானே! கயிற்றை விடாத இரண்டு எதிரணிப் பிள்ளைகளையும் சேர்த்து ஸ்டோர் வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். திரும்பிக்கொண்டு இழுக்கலாமா என்று எதிரணி ஆசிரியர் சண்டைக்கு வந்தார். துணி கோட்டைத் தாண்ட வேண்டும் என்றுதான் காலையில் பேசினோம், மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும் என்று யாரும் பேசவில்லையே என்று நடுவர் கையை விரித்தார்.

கப்பு எங்களுக்கே. மூச்சிரைக்க ஓடி வந்த ரூபா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மிஸ், பூட்றதுக்குள்ள போட்டுட்டோம்" என்றாள். அவளை அப்படியே தூக்கிச் சுற்றினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை. மேடையில் தாளாளர் என் நவீனப் பயிற்சி முறையைப் புகழ்ந்தபோது, வெட்கமே இல்லாமல் தலையை ஆட்டினேன்.

வேலை நிரந்தரமானது. அப்பா வந்தது போலவே வெறும் கையோடு பஸ் ஏறினார். (கடைசியில் மாப்பிள்ளைதான் ஓசூருக்கு வந்து சேர்ந்தார்.)

இப்போது என் மகன் கபடி ஆடுகிறான். போட்டிக்குக் கிளம்பும்போது அவனுக்கு யோசனை சொல்ல நான் வாயைத் திறந்தால் போதும், என் அப்பா முந்திக்கொள்வார்.

"கண்ணு, உங்கம்மா வுடுன்னு சொன்னா மட்டும் கெட்டியாப் புடிச்சுக்க."