சனிக்கிழமை ஆறு மணிக்குத் 'திடீர்' சோதனை

தனிமனித உரிமையை இந்த அளவுக்கு மதித்த காவல் நிலையம் உலக வரலாற்றிலேயே கிடையாது. இரவு நடன விடுதியில் போதைச் சோதனை நடத்தும்படி மேலிடத்து உத்தரவு வந்ததும், ஆய்வாளர் ஆழ்ந்து யோசித்தார். ஆடிக்கொண்டிருப்பவர்களை நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வது அநாகரிகம் அல்லவா? ஆகவே வாடிக்கையாளர்களின் மானம் காக்க, அவர்கள் யாருமே இல்லாத நேரத்தில் சோதனை செய்வதென்று முடிவாயிற்று. சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குத் 'திடீர்' சோதனை. விடுதி மேலாளர் காலையிலேயே நாற்காலி, குளிர்பானம், கனத்த உறை ஒன்று எல்லாம் எடுத்து வைத்துவிடுவார்.

ஆளே இல்லாமல் சோதனையா? அதற்குத்தான் பச்சத்தண்ணி இருந்தார். விடுதியில் கோப்பை கழுவுகிறவர். காபிகூடத் தொடாததால் வந்த பெயர். எச்சில் எடுக்கும் நாற்பது பஞ்சுக்குச்சிகளையும் அவர் வாயிலேயே நனைத்து, நாற்பது பெயர் எழுதி ஒட்டுவார்கள். படிவத்தில் 'முன்கூட்டித் திட்டமிடாத தேர்வு' என்றிருக்கும். அவருக்கு ஏகப் பெருமை. வேலையை நிரந்தரமாக்குவதாக மேலாளர் வேறு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை அவருக்கு இருமல். மனைவி மருந்தை இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்திருந்தாள். நாற்பது குச்சிகளும் 'போதை' என்றன. நேர்மைக்காக வாங்கிய புதுக் கருவி, முடிவுகளை நேரே தலைமையகத்துக்கு அனுப்பியும்விட்டது.

"போனாப் போவுது. யார் யார் பேரு எழுதினே?" என்றார் ஆய்வாளர்.

நிலைய எழுத்தர் பட்டியலை நீட்டினார். "வாராவாரம் நாப்பது புதுப் பேருக்கு நான் எங்கய்யா போறது? நம்ம வருகைப் பதிவேட்டைப் பாத்து எழுதிட்டேன். முதல் பேரு உங்களோடது."

மறுநாளே உத்தரவு வந்தது. மூன்று நாளில் நாற்பது காவலர்களின் மாதிரியையும் மறுபடி அனுப்ப வேண்டும். தேறாதவர் சிறைக்குப் போக வேண்டும்.

"ஒருத்தன் வாய் போதும். சுத்தமானவன் எவனாவது கையைத் தூக்குங்கப்பா!" என்றார் ஆய்வாளர்.

எல்லோரும் மின்விசிறியை முதல்முறை பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்கள். கைப்பற்றிய சரக்கையெல்லாம் அவ்வளவு பொறுப்பாகத் தீர்த்திருந்தார்கள்.

பச்சத்தண்ணி ஜீப்பில் வந்து இறங்கினார். கம்பிக் கதவுக்குப் பின்னால் புது மெத்தை, குடம் நிறையத் தண்ணீர், வாசலில் இரண்டு காவலர்கள். அவர் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் வேலைக்குப் போகலேன்னா மேலாளர் வேற ஆளை வச்சிடுவாருங்க!"

"அண்ணே, மூணே நாள். மருந்து இறங்கட்டும்" என்று கெஞ்சினார் ஆய்வாளர்.

மருந்து இறங்கியது. நாற்பது மாதிரிகளும் பளிச்சென்று தேறின. நாட்டிலேயே மிகத் தூய்மையான நிலையம் என்று தலைமையகம் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. அதைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தபோது பச்சத்தண்ணியின் மனைவி வந்து நின்றாள்.

"மருந்து குடுத்தது நானு. அவரை ஏன்யா அடைச்சு வச்சிருக்கீங்க? இன்னைக்காவது விடுங்க."

"எப்படிம்மா விடறது?" ஆய்வாளர் பாராட்டுப் பத்திரத்தை நேராக்கினார். "இனிமே மாசாமாசம் எங்களுக்குச் சோதனையாம். இந்த நிலையத்துல குத்தம் பண்ணாத ஆளு இவர் ஒருத்தர்தான். இவரை வெளிய விட்டா, நாங்க நாப்பது பேரும் உள்ள போகணுமே!"