கட் சொன்ன பிறகு

என் மனைவியை வாய் திறந்து "வா" என்று கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். அவளாகவே வர வேண்டும். ஓடி வர வேண்டும். வந்து, "ஐயோ, உங்களை இப்படி விட்டுட்டுப் போனேனே" என்று கண் கலங்க வேண்டும்.

மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினவள். இன்றோடு மூன்று மாதம். ரயில் ஏற்றிவிடும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். "நீ நிதானமா வா. நான் ராஜா மாதிரி இருப்பேன்" என்று பெருமை பேசித் தொலைத்தேன். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு வா என்பது?

ராஜாவின் நிலைமையைக் கேளுங்கள். நான் ஒரு கல்லூரியில் சினிமா எடுக்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். ஐந்து மணிக்கு முடிய வேண்டிய வகுப்பை ஏழு வரை இழுக்கிறேன். குளோசப் என்றால் என்ன என்பதை அரை மணியில் சொல்லிவிடலாம். நான் மூன்று நாள் சொன்னேன். மாணவர்களுக்கு என் மேல் மரியாதை கூடிக் கூடி, கடைசியில் பயமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். இதைப் போய் யாரிடம் சொல்வது?

சொல்ல வேண்டாமே! காட்டினால் போதுமே! முதல் நாள் வகுப்பிலேயே நான் பலகையில் எழுதிப் போடும் பாடம்தானே அது?

"அடுத்த பயிற்சி, தனிமை. ரெண்டு நிமிஷப் படம். வசனம் கிடையாது. லொகேஷன் என் வீடு. நடிகர் வந்து..." என்று இழுத்தேன்.

"நீங்களா சார்?" என்றாள் கேமரா பிடிக்கிற பெண். வகுப்பிலேயே கெட்டிக்காரி. கண்ணில் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்து இறங்கினார்கள். வீட்டைப் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டார்கள். "என்ன சார், இவ்ளோ சுத்தமா இருக்கு? தனிமையே தெரியலையே!"

கலைக்க ஆள் இல்லாத வீடு எப்படிக் கலையும்? ஆகவே தனிமையை நாங்களே தயாரித்தோம். மேஜையில் தூசி தூவினோம். ஜன்னலில் வாடின செடி வைத்தோம். நான் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டேன். "சார், மூச்சு கொஞ்சம் ஓவர்" என்று என் மாணவனே என்னைத் திருத்தினான். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கேமராவை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் நானே தூக்கிப் போய்க் கொடுத்தேன்.

அந்தக் கேமராப் பெண்ணே எடிட் செய்து தந்தாள். முதல் ஒரு நிமிடம் பார்த்தேன். எனக்கே அழுகை வந்தது. மீதியைப் பார்க்கப் பொறுமையில்லை. "பசங்க எடுத்தது. சும்மா பார்" என்று எழுதி மனைவிக்கு அனுப்பிவிட்டேன்.

பத்தாவது நிமிடம் போன். பலவீனமான குரலில் பேசத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஏங்க, மேஜை மேல என்ன கொட்டியிருக்கு?"

"தூசிம்மா. துடைக்க யாரு இருக்கா?"

"தூசி இவ்ளோ வெள்ளையாவா இருக்கும்? நான் சலிச்சு வெச்சுட்டு வந்த மாவுதானே அது?"

நான் இருமி வைத்தேன்.

"அந்தச் செடி ஏது?"

"கவனிக்க ஆளில்லாம வாடிப் போச்சு."

"நம்ம வீட்டுல செடியே கிடையாதே."

"பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கினது."

"வாடினதைப் போயா கேட்டு வாங்கினீங்க?"

"நல்லதைத் தர மாட்டேன்னுட்டாங்க."

"சரி, ஜன்னல்கிட்ட நிக்கிறப்ப கடிகாரத்துல மணி நாலு. அப்புறம் ராத்திரியாகி, லைட்டை அணைச்சுட்டு ஹால் சோபாவுல படுக்கறீங்க. அப்ப மணி நாலே கால்!"

ஒரு ஷாட்டில் இருந்த கடிகாரம் அடுத்த ஷாட்டோடு பொருந்துகிறதா பார் என்று பத்து வருடமாகத் தொண்டை வற்றக் கத்துகிறவன் நான். மானம் கப்பலேறியது.

"அப்ப படம் நல்லாவே இல்லையா?"

"கடைசி ஒரு நிமிஷம் நல்லாருந்தது."

"நான் விட்டத்தைப் பார்த்துட்டுப் படுத்திருக்கேனே, அதுவா?"

"அதுக்கும் அப்புறம்."

"அப்புறம் ஒண்ணும் இல்லையே. கட் சொல்லிட்டேனே!"

"கேமரா ஓடிட்டே இருந்திருக்கு. பசங்க செருப்பு மாட்டிட்டுக் கிளம்பறாங்க. நீங்க கை காட்டறீங்க. கதவைச் சாத்தறீங்க. சாத்திட்டு, தாழ்ப்பாளைப் பிடிச்சுட்டு அங்கேயே நிக்கறீங்க. அப்புறம் மறுபடி திறந்து தெருவைப் பார்க்கறீங்க."

"கதவு சரியா சாத்தலை."

"மூணு தடவையா?"

எனக்கு அதற்கு மேல் நடிக்க வரவில்லை. "இங்க இருக்கவே பிடிக்கலைம்மா. பேச ஆளில்லை. வந்துடு" என்றேன்.

சொல்லிவிட்டேன். மூன்று மாத வைராக்கியம் போயே போச்சு. போனில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போகட்டும், ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நான் எப்படி வர்றது? பொண்ணு அடுத்த வாரம் வேலைக்குப் போறா. குழந்தையை யார் பார்த்துக்கறது? நீங்க வாங்க."

"நானா? காலேஜ் என்னாகறது?"

"வெள்ளிக்கிழமையோட லீவாமே. கேமராப் பொண்ணு சொன்னா. ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கற என் நம்பரைப் பார்த்து, படம் எடுக்க வந்த அன்னிக்கே போன் பண்ணிட்டா. ஏழு மணி வரைக்கும் பசங்களை விடமாட்டேங்கறீங்களாம்."

"அப்ப கடைசியை வெட்டாம விட்டது..."

"அவதான். வெட்ட மனசு வரலையாம். மார்க்கைக் குறைச்சுடாதீங்க, பாவம். உங்களுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை வண்டி, கீழ் பர்த்."

கொஞ்சமாவது பிகு பண்ணிக்கொள்ள வேண்டாமா? "திடீர்னு கிளம்புன்னா எப்படி? துணி எடுத்து வைக்கணும், பெட்டி கட்டணும்..."

"பரண் மேல பச்சைப் பெட்டி இருக்கும், பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். திறந்தேன். நாலு சட்டை, மூன்று பேண்ட், துண்டு, எல்லாம் எனக்கு. இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தது. ஊருக்குக் கிளம்பிய அன்றே கட்டி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். பூச்சி அரிக்காமல் இருக்க அவள் போட்டிருந்த பாச்சை உருண்டைகள், இந்த மூன்று மாதத்தில் கரைந்து கரைந்து கடுகளவு ஆகியிருந்தன.