யாரையும் கேட்காத சங்கிலி

"பத்திரத்தை எடுன்னா..."

"எடுக்க மாட்டேன்னா..."

"கூட்டம் ஏறுது, நம்ம முறை போயிடும்!"

"போகட்டும். வீடு போகாம இருந்தா சரி!"

மண்டப வாசலில் பேக்கரிக்காரருக்கும் அவர் மனைவி தியேட்டர் மேனேஜரம்மாவுக்கும் நடந்த இந்தக் கச்சேரியை ஒருவரும் கவனிக்கவில்லை. ஊரே மேடையில் வரிசையாக இருந்த பெட்டிகளையும், அவற்றைக் கொண்டுவந்த 'சங்கிலியார்' என்பவரையும் பார்த்து வாய்பிளந்து நின்றது.

"மத்த பிளாக்செயின்ல, அதாவது கம்ப்யூட்டர் பதிவுச் சங்கிலியில, ஒரு சொத்தைப் பதிய எல்லா கம்ப்யூட்டரும் ஒத்துக்கணும். எவ்வளவு கரண்டு வீண்!" சங்கிலியார் உருகினார். "நம்ம சங்கிலி யாரையும் கேட்காது. ஒவ்வொரு பெட்டியும் தனி ஞானி! பெட்டி மூடில கை வச்சு சொத்தைச் சொல்லுங்க. பச்சை விளக்கு எரிஞ்சா பதிஞ்சாச்சு. பழைய பத்திரத்தை என்கிட்ட கொடுத்துட்டு நிம்மதியா தூங்குங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கரண்டு மிச்சமாம், மூளையும் தேயாமல் மிச்சம்.

மேனேஜரம்மா கைப்பையை இறுக்கிக்கொண்டார். உள்ளே இருப்பது அவர்களுடைய ஒரே வீடு. பக்கத்தில் நின்ற நாத்தனாரின் காதைக் கடித்தார்.

"எல்லாரும் ஒத்துக்க வேணாம், சரி. தியேட்டர்ல ஒரே சீட்டை ரெண்டு கவுன்டர்ல வித்தா தடுக்க ஏதாவது வேணாமா?"

"வாங்க அண்ணி, வித்துப் பார்ப்போம்!"

இடது பெட்டியில் அண்ணி, வலது பெட்டியில் நாத்தனார். ஒரே குரலில் சொன்னார்கள்: "வாசல்ல நிக்கிற சிவப்புக் கார் என்னுது!"

பச்சை. பச்சை.

"அது... அண்டம் ரெண்டு பேரையும் ஏத்துக்கிச்சு," சங்கிலியார் வியர்த்தார். அது அவருடைய கார்.

"அப்போ என்னையும் ஏத்துக்கட்டும்!" முடிதிருத்துபவர் பாய்ந்தார். பச்சை. பல் டாக்டருக்கும் பச்சை. கண்மூடித் திறப்பதற்குள் அந்தக் காருக்கு ஒரு கல்யாணக் கூட்டமே சொந்தக்காரர்கள்.

"எனக்குப் பின் சீட்டாவது விடுங்கப்பா!" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

நாத்தனார் பெட்டியைக் கவிழ்த்தார். ஒரு பேட்டரி, ஒரு பல்பு, மூடியை அழுத்தினால் எரியும் சுவிட்ச். கரண்டுச் சிக்கனம் மட்டும் சத்தியமான உண்மை!

சங்கிலியார் விழுந்தடித்து ஓடி, காரைத் திறந்து, உள்ளிருந்து தாள்களை உருவி ஆட்டினார். "என் கார்! இதோ ஒரிஜினல்! என் பேரு, முத்திரை, எல்லாம் இருக்கு!"

பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். மேனேஜரம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"தன் காருக்குத் தாளை நம்புற மனுஷன், உங்க வீட்டுத் தாளை எதுக்குக் கேட்டாருன்னு ஒருத்தராவது யோசிச்சீங்களா?"