துணைப் பெருந்தளபதியின் இடது கால்

எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான், மூவாயிரம் கிரகங்களைக் கட்டி ஆண்ட ஒரு பேரரசில் துணைப் பெருந்தளபதியாக இருந்திருக்கிறேன். ஒரே ஒரு மாலைதான். ஆனால் அந்தப் பதவியிலிருந்து என்னை இன்றுவரை யாரும் விடுவிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. அப்பா போனதும் படிப்பு நின்றது. லாரியில் கிளீனர், சேலத்தில் ஓட்டலில் தம்ளர் கழுவுவது, ஹூப்ளியில் சிமெண்டு குடோன் என்று சுற்றினேன். எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. சாப்பாடு கிடைத்த அன்று சாப்பிட்டேன், கிடைக்காத அன்று சீக்கிரம் தூங்கினேன். கடைசியில் நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து என்ற கிராமத்தில் அக்கா வீட்டுக்கு வந்து, நெய்வேலிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தேன். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியை அள்ளி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். அது மறுபடி சிந்தும். (வேலைக்குப் பஞ்சமே இல்லை.)

ஆனால் அந்தச் சுரங்கம்! சாயங்காலம் மேலே ஏறி வந்து திரும்பிப் பார்த்தால், பள்ளத்தின் அடியில் ராட்சதச் சக்கர எந்திரங்களில் விளக்குப் போட்டிருப்பார்கள். புழுதிக்குள் அவை மெல்லத் திரும்பும்போது, எங்கிருந்தோ வந்து இறங்கிய கப்பல்கள் இளைப்பாறுவது போலிருக்கும். அதைப் பார்த்தபடியே நின்று, ஆள் ஏற்றும் லாரியை விட்டுவிட்டு, வடக்குத்து வரை பல நாள் நடந்திருக்கிறேன்.

சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கில் பொங்கல் விழாவுக்கு நாடகம் போடுவார்கள். எழுதி இயக்குபவர் நடராஜன் சார். டிராயிங் ஆபீஸில் வரைபடம் போடுகிறவர், கோயம்புத்தூர்ப் பக்கம். மற்ற பிளாக்குகளில் ராஜா ராணி நாடகம் போட, அவர் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சாம்ராஜ்யத்தை நிறுவினார். மேடைப் பலகை தூக்கப் போன நான், தினமும் ஒத்திகையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, உங்களுக்கு ஷிப்டு கிப்டு இல்லீங்களா?"

"பகல் வேலைதாங்க சார். காண்ட்ராக்ட்டு."

"அப்ப சும்மா நிக்கறதுக்குத் துணைப் பெருந்தளபதியா நின்னுட்டுப் போங்க."

நான் நிற்கப்போவது விண்கடற் சேனையில் என்று விளக்கினார். கப்பலில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய், கிரகங்களில் இறங்கிச் சண்டை போடும் சேனை.

"பெரிய வேலைங்களா சார்?"

"சக்கரவர்த்தி, பெருந்தளபதி, அதுக்கப்புறம் நீங்கதான்."

"பர்மனென்ட்டுங்களா?"

"சாகற வரைக்கும்" என்றார், சிரிக்காமல்.

பால் பவுடர் டின்னை வெட்டித் தோளுக்கு மூன்று நட்சத்திரம். யார் வீட்டு வாசல் திரையோ எனக்கு அங்கி. வெள்ளிப் பெயின்ட் அடித்த ரப்பர் கம்பூட்ஸ். என் படைவீரர்கள் எல்லாரும் பர்மனென்ட் தொழிலாளிகள்; சுரங்கத்தில் போடும் ஹெல்மெட்டையே வெள்ளியாக்கிக்கொண்டார்கள். அந்தப் பதவிக்கு ஒரு சட்டம் உண்டு. புதிய கிரகத்தில் முதலில் படுவது துணைப் பெருந்தளபதியின் கால். திரும்பும்போது கடைசியாகக் கிளம்புவதும் அவர் கால்தான். பெல்ட்டுக்கு அடியில் மண்வெட்டியோடு குனிந்திருக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக்கொள்வேன். கரித்தூள் பறக்கும். நான் ஏதோ ஒரு கறுத்த கிரகத்தில் முதல் காலை வைத்துக்கொண்டிருப்பேன்.

இதற்குள் அக்கா எனக்குப் பெண் பார்த்திருந்தாள். காடாம்புலியூர், முந்திரித் தோப்புக்காரர் கலியமூர்த்தி மாமாவின் மகள் செல்வி. அத்தானுக்குத் தூரத்துச் சொந்தம். ஒருதரம் அக்கா வீட்டுக்கு வந்தவள், என் காது மடலில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அதன்பிறகு எனக்கு வேறு ஊர் எதுவும் தோன்றவில்லை. ஆனால் மாமாவுக்கு ஒரே சந்தேகம்.

"பையன் நல்ல பையன்தாம்மா. ஒரு எடத்துல நிக்க மாட்டானாமே? நாளைக்கு எம் பொண்ண வுட்டுட்டு வடக்க ஓடிட்டான்னா, நான் எந்த ரயில்ல போய்த் தேடுவேன்?"

"நாடகத்துக்கு வாங்க மாமா. எவ்ளோ பெரிய ஆளுங்கள வச்சி மேய்க்கிறான்னு நீங்களே பாருங்க" என்றாள் அக்கா.

இனி அழிவின் கதை.

நடராஜன் சார் ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து, என் படை முழுவதும் காலை ஷிப்டில் இருக்கும் வாரமாகப் பார்த்துத்தான் நாள் குறித்தார். சிறப்பு விருந்தினருக்கு வசதிப்படவில்லை என்று விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. சக்கரவர்த்தி, எதிரி மன்னன், இரு தரப்புச் சேனை, திரை இழுப்பவர் உட்பட எல்லாரும் இரவு ஷிப்டுக்கு மாறியிருந்தார்கள். கடைசி நேரத்தில்தான் இது உறைத்தது. "எட்டரைக்கு முடிச்சிடலாம், பஸ் ஒம்போதுக்குத்தானே" என்று தேற்றிக்கொண்டோம். சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்தார். அவர் முடித்தபோது, முடிந்திருக்க வேண்டிய நாடகம் தொடங்கியே இருக்கவில்லை.

மார்கழிப் பனி போகாத தை மாதம். விளக்கைச் சுற்றிப் புகைபோலப் பனி சுழன்றது. முன்வரிசையில் மாமா மப்ளரோடு. பெண்கள் பக்கம் அக்காவுக்கு அருகில் செல்வி. நான் முதல் காலை வைத்தேன். கைதட்டல். உண்மையாகவே கிரகத்தில் இறங்கிவிட்டதுபோல உடம்பு லேசாகிவிட்டது.

போர் உச்சத்தில் இருந்தது. நான் வாளை உயர்த்தி, "என் வீரர்களே! ஒருவரும் பின்வாங்காதீர்கள்!" என்று முழங்கினேன்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

ஒரு கணம் இரு படைகளும் உறைந்தன. பிறகு எதிரி மன்னன்தான் முதலில், "டேய், பஸ்ஸுடா!" என்று கத்தினார். அடுத்த நொடி எல்லாரும் மேடையிலிருந்து குதித்தார்கள். என் தளகர்த்தர் போகிற போக்கில், "கோச்சுக்காதப்பா, நேத்தே லேட்டு" என்றார். என்னால் கொல்லப்பட்டுக் கிடந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். திரை இழுப்பவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். சக்கரவர்த்தி சாப்பாட்டுத் தூக்கோடு ஓடினார். போர் முடிந்தது, இரு சேனைகளும் ஒரே பஸ்ஸில் ஏறின.

காலி டிரம்கள் மேல் பலகை போட்ட மேடை அது. இத்தனை பேர் ஒன்றாகக் குதித்ததில் பலகைகள் நகர்ந்து, ஒரு சந்து திறந்து, என் இடது பூட்ஸை விழுங்கி, மறுபடி மூடிக்கொண்டது.

மேடையில் நான் மட்டும். இழுத்தேன், வரவில்லை.

"ஏதாச்சும் பேசுங்க தம்பி!" என்று ஓரத்திலிருந்து நடராஜன் சார் கெஞ்சினார்.

"பேரரசின் சட்டப்படி..." என்றேன். இன்னொரு தரம் காலை இழுத்துப் பார்த்தேன். "கடைசியாகக் கிளம்புவது என் கால்."

"தளபதியாரே, நீ நடந்துதான் போவணும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மைதானமே சிரித்தது.

அப்போது பஸ் புறப்பட்டது. ஜன்னல்களில் வரிசையாக வெள்ளி ஹெல்மெட்டுகள். பனிக்குள் அந்த வெளிச்சம் மெல்ல மிதந்து, சுரங்கத்துப் பக்கமாகப் போயிற்று. என் சேனை வேறொரு கிரகத்துக்குப் போகிறது. அவமானமெல்லாம் எங்கோ தள்ளிப்போனது. வாளை நெற்றிக்கு உயர்த்தி, வெளிச்சம் மறையும்வரை சல்யூட் அடித்தபடி நின்றேன். (வேறு வழியும் இல்லை.) சிரிப்பு மெதுவாக அடங்கியதாக அக்கா சொல்வாள். அக்கா என் கட்சி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கலியமூர்த்தி மாமா மேடையேறி வந்தார்.

"என்னா தம்பி, எல்லாரும் ஓடிட்டானுவ. நீ மட்டும் நின்னுகினு இருக்க?"

இனி நமக்குப் பெண் இல்லை என்று தெரிந்துவிட்டது. பொய் எதற்கு?

"கால் மாட்டிக்கிச்சு மாமா."

அவர் என் அக்குள்களில் கை கொடுத்து இழுத்தார். கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை. கிழிந்த காலுறையிலிருந்து கட்டைவிரல் வெளியே வந்து ஊரைப் பார்த்தது. பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

மாமா என் காலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மகள் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு உரக்கச் சொன்னார்:

"தோ பாரும்மா. இவன் தானா நிக்கற ஆளு இல்ல. ஆனா கால்ல எதையாச்சும் மாட்டிவுட்டா, அசையாம நிக்கறான். தை முடியறதுக்குள்ள மாட்டிவுட்டுடுவோம்."

மாட்டிவிட்டார்கள். அந்த மேடையைப் பிரித்தபோது கிடைத்த இடது பூட்ஸ் இன்னும் எங்கள் தோட்டத்தில் இருக்கிறது. வெள்ளிப் பெயின்ட் உதிர்ந்து, உள்ளே ஒரு மிளகாய்ச் செடி. எப்போதாவது ரயில் சத்தம் கேட்டு நான் வாசலில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தால், செல்வி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்:

"என்னாங்க, பூட்ஸ எடுத்தாரட்டுமா?"

சொந்தக்காரர் கல்யாணங்களில் கடைசி பஸ்ஸுக்கு எல்லாரும் அடித்துப் பிடித்து ஓடும்போது மட்டும் கதை வேறு. பை, பாத்திரம், தாம்பூலத் தேங்காய் எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டு, அவள் முதலில் ஏறிக்கொள்வாள்.

"நீங்க கடைசியா ஏறுங்க. உங்க சட்டம்தானே."