பேராசிரியருக்குப் பஜ்ஜி வைத்த தரகர்

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களிலும் பூமியின் மேல் அவரைப் போல் அக்கறை கொண்ட ஆள் வேறு கிடையாது. சுண்ணாம்புக்கல் குவாரி முதலாளிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இத்தனைக்கும் அவர் கல்யாணத் தரகர்.

பெயர் யாருக்கும் தெரியாது. ‘சம்பளத்தோட’ என்றால் தெரியும். பஸ் ஸ்டாண்டில் கேட்டால், எந்த டீக்கடையில் யாருடைய பெண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்பது வரை சொல்வார்கள்.

பட்டம் வந்த கதை இது. சிறுவாச்சூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு வரன் கொண்டுபோனார். பையன் பாறைகளைப் பற்றி டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான்.

“இன்னும் படிக்கிறானா? அப்ப வருமானம்?” என்றார் பெண்ணின் தகப்பனார்.

“படிக்கிறதுக்கே மாசா மாசம் குடுக்குறாங்க. சம்பளத்தோட படிப்புங்க.”

“படிக்கிறதுக்கு நாமதான்யா காசு கட்டணும். யாரு காதுல பூ சுத்துற? எந்திரி!”

தரகர் எழுந்தார். ஆனால் அவமானம் பொறுக்கவில்லை. அந்தப் பையனையே தேடிப்போய், அது நிஜந்தானா என்று குடைந்து குடைந்து கேட்டார். நிஜம்தான். உள்நாட்டிலும் உண்டு, வெளிநாட்டிலும் உண்டு. மண், மலை, கடல், மழை என்று பூமியில் எதைப் படித்தாலும் பணம் கொடுக்க எங்கேயோ ஆள் இருக்கிறார்கள். பையன் கைப்பேசியில் காட்டக் காட்ட, தரகருக்குக் கண் விரிந்தது. அதன்பின் அவர் பையில் ஒரு பக்கம் ஜாதகம், மறுபக்கம் ஆராய்ச்சி இடங்கள்.

சிறுவாச்சூர்க் கோயில் வரிசையில் நின்றபடி அவர் குரல் கொடுத்ததை நானே கேட்டிருக்கிறேன். “பூகம்பத்துல ஒண்ணு, எரிமலையில ஒண்ணு காலியா இருக்கு. ரெண்டும் சம்பளத்தோட! எம்.எஸ்ஸி முடிச்ச புள்ளைங்க யார் வூட்லயாச்சும் இருக்கா?” முன்னால் நின்ற அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆள் லேசுப்பட்டவர் அல்ல. மாப்பிள்ளையை விசாரிப்பது போலவே பேராசிரியர்களையும் விசாரிப்பார். அவர்களிடம் முன்பு படித்தவர்களைத் தேடிப்பிடித்துப் போன் போடுவார். கோபக்காரரா? லீவு கொடுப்பாரா? ஆரம்பித்தவர்கள் முடித்தார்களா? நிலச்சரிவு ஆராய்ச்சிக்கு வடக்கே இருந்து வந்த ஒரு நல்ல இடத்தை ஒரே போனில் தள்ளிவிட்டார். “எடுத்ததும் அங்க படிச்ச பொண்ணு அழுவுது தம்பி. அந்த வூட்டுல நம்ம புள்ள வாழாது.”

இவரிடம்தான் ஆண்டிமடத்தில் இருக்கும் என் அக்கா கணவர், மகள் கயலுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லியிருந்தார். மச்சானுக்கு முந்திரித் தோப்பு உண்டு, பிடிவாதமும் உண்டு. தை பிறந்தால் கல்யாணம் என்பது அவர் முடிவு. கயல் நிலவியலில் எம்.எஸ்ஸி, குவாரிகளில் கிடைக்கும் பழங்காலக் கடல்சிப்பிகள் மேல் பித்து. மேலே படிக்க வேண்டும் என்று அவள் அழுதும் பார்த்தாள், சாப்பிடாமலும் பார்த்தாள். மச்சான் அசையவில்லை.

ஒரு நாள் தரகர் வந்தார். “நல்ல எடம். வெளிநாடு. வரதட்சணை கெடையாது, அவங்களே குடுப்பாங்க.”

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மாப்பிள்ளைக்கு என்ன வயசு?”

“அறுபதைத் தாண்டியிருக்கும். ப்ரொபசர்.”

அன்று தரகரின் செருப்பு ஒரு பக்கமும் பை ஒரு பக்கமுமாகத் தெருவில் கிடந்தன. பொறுக்கிக்கொண்டே அவர் சொன்னார்: “பேசிப் பாருங்க. புடிக்கலன்னா வேணாம். பொண்ணு பாக்க வர்றவங்கள வாசலோட அனுப்புறது மொறையா?”

முறை என்ற சொல்லுக்கு மச்சான் கட்டுப்படுவார். நேர்முகத் தேர்வு வீடியோவில் நடக்க ஏற்பாடாயிற்று. மச்சானுக்குப் பிடிக்காவிட்டால் தையில் கல்யாணம். கயல் மறுபேச்சுப் பேசக் கூடாது.

தரகர் முன்கூட்டியே விசாரித்துவிட்டார். “கோவம் வராதாம். எழுதுனதையே திருப்பித் திருப்பி எழுத வெப்பாராம். மாமியாருங்கள்ல இது நல்ல ரகம்.”

அன்று கூடத்தில் மடிக்கணினி. அதன் முன்னால் ஒரு தட்டில் வாழைக்காய் பஜ்ஜி, இன்னொன்றில் கேசரி. கயல் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, அவரு எப்படி சாப்புடுவாரு?”

“சாப்புடறது அவரு இஷ்டம். வெக்கிறது நம்ம மொறை” என்றார் தரகர்.

திரையில் வெள்ளைத் தாடிக்காரர் தோன்றினார். முன்னால் பஜ்ஜி, பின்னால் பட்டுப்புடவையில் அக்கா, கைகட்டி மச்சான், நடுவே ஜிப்பாவில் தரகர். அத்தனையையும் பார்த்துவிட்டுத் தாடிக்காரர் சிரித்தார்.

பிறகு கயல் ஒரு சுருள்சிப்பிக் கல்லைக் கையில் எடுத்தாள். அரியலூர் கடலாக இருந்த காலத்தில் அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைச் சிப்பியிலிருந்து எப்படிப் படிக்கலாம் என்று பேசினாள். பஸ்ஸில் சில்லறை கேட்கவே தயங்குகிறவள், தடுமாறாமல் பேசினாள். வெள்ளைத் தாடிக்காரர் குறிப்பெடுத்தார். மச்சானுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் கட்டிய கை அவிழ்ந்திருந்தது.

தரகர் முன்னால் நகர்ந்து, ஓரமாக நின்ற என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நான் கேக்குறத இங்கிலீஷ்ல சொல்லு. பொண்ண தாய் வூட்டுக்கு எப்ப எப்ப அனுப்புவாரு?”

பத்திரிகைக்காரனாக எத்தனையோ சங்கடமான கேள்விகள் கேட்டிருக்கிறேன். இதற்குத்தான் நாக்கு குழறியது. பதில் உடனே வந்தது: வருஷா வருஷம் வந்துதான் ஆக வேண்டும், கல் அங்கேதானே இருக்கிறது? முதல் தடவை நானும் கூட வருவேன்.

நான் தமிழில் சொன்னதும் மச்சான் தரகரைப் பார்த்தார். “அவரு தேடுறது நம்ம ஊர்லயா இருக்கு?”

“பின்ன? நம்மகிட்ட இருக்குன்னுதானே அங்கேருந்து சம்பந்தம் பேசுறாரு.”

மச்சான் பஜ்ஜித் தட்டைத் திரைப் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அவருக்குக் காரம் ஆவுமான்னு கேளு. வந்தா சமைக்கணும்ல.”

அக்கா அழ ஆரம்பித்தாள். இடம் கிடைத்த செய்தி பிறகு வந்தது; எங்களுக்கு அன்றே முடிந்துவிட்டது.

போன சித்திரையில் கயல் கல் எடுக்க வந்திருந்தாள். பேராசிரியரும் வந்து, மச்சான் வீட்டுக் கோழிக்குழம்பில் கண் கலங்கிப் போனார். அவர்களை ரயிலேற்றிவிட்டு நானும் தரகரும் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தோம். மண்டை பிளக்கும் வெயில். அவர் தலையில், காது வரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாய். கயல் கொண்டுவந்து கொடுத்தது.

“வேர்த்துக் கொட்டுதேண்ணே. கழட்டுங்களேன்.”

“பொண்ணு வூட்டுச் சீரு தம்பி. நாலு பேரு பாக்க வேணாமா?”

பஸ் ஸ்டாண்டு வரை குடையை நான் அவர் பக்கமாகவே பிடித்துக்கொண்டு நடந்தேன்.