ஐஸ்கட்டி அக்காவின் கேமரன் பூ

லூனாஸ் ஊர் வெயிலைத் தன் வாசலுக்கு வரக் கூடாது என்று விரட்டப் பார்த்த ஒரே மனுஷி, எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்த ஐஸ்கட்டி அக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அவளுக்கே ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

எல்லாம் ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது. மண்டப வாசலில் பூத்தட்டோடு நின்ற பெண், எங்களுக்கு முன்னால் போனவளுக்கும் பூக் கொடுத்தாள், பின்னால் வந்தவளுக்கும் கொடுத்தாள். அக்காவும் நானும் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். தட்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டு பந்திக்குப் போனேன். அக்கா அப்பளத்தை நொறுக்கிய நொறுக்கில் பக்கத்து இலைக்காரர் எழுந்து இடம் மாறினார்.

அடுத்த மாதம் கேமரன் மலைக்குப் பஸ்ஸில் சுற்றுலா போனோம். எல்லாரும் ஸ்ட்ராபெரி வாங்க, அக்கா மட்டும் ஓர் அசேலியாச் செடியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தாள்.

அதே வீட்டில் குடியிருந்த கொழுந்தன் தலையில் கை வைத்தான். "அண்ணி, இது குளிர்ல பூக்கிற செடி லா. நம்ம ஊர்ல கருகிரும்."

"உன் மக கல்யாணத்துக்கு இந்தப் பூவ நான் தலையில வச்சிக்கிட்டு வரல, மண்டபத்து வாசல்லயே எனக்கு மொட்டை போடு!"

"பூ வைக்கணும்னா மல்லி இருக்கேக்கா?" என்றேன் நான்.

"மல்லிக்குத்தான் ஆளாளுக்குச் சட்டம் போட்டு வச்சிருக்காங்க. இந்தப் பூவுக்கு எவன்டி சட்டம் போட்டான்?"

 

தோட்டத்தில் கீரைக்குப் போட்ட பழக்கத்தில், செடிக்கு அடுப்புச் சாம்பலை வாரிப் போட்டாள். இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. செடிக் கடை முதலாளியான சீனத் தௌக்கேயைப் போனில் பிடித்தாள். சாம்பல் ஆகாது, இதற்கு மண் புளிப்பாக இருக்க வேண்டும் என்றார் அவர். போனை வைத்தவள் நேரே அடுப்படிக்குப் போய், மத்தியானம் வைத்த ரசத்தைக் கொண்டுவந்து ஊற்றினாள்.

"அக்கா, ரசமா?"

"பெருங்காயமும் போட்டிருக்கு. நல்லாச் செரிக்கும்."

செடிக்குச் செரிக்கவில்லை. எறும்புக்குச் செரித்தது. மறுபடி போன் செய்தபோது தௌக்கே சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்றாம். தேயிலைச் சக்கை போடச் சொன்னார். அன்று முதல் எங்கள் தெருவில் எவர் வீட்டில் தேநீர் குடித்தாலும் சக்கை அக்காவுக்குத்தான்.

அப்புறம் குளிர். ஐஸைத் துருவி விற்கும் ஐஸ் காச்சாங் கடையிலிருந்து தினமும் ஒரு பை ஐஸ் வந்தது. தொட்டியைச் சுற்றி ஐஸ், அதைச் சுற்றிச் சாக்கு, மேலே குடை. வீட்டிலிருந்த ஒரே மேசை ஃபேனும் வாசலுக்கு வந்துவிட்டது.

"அண்ணி, எனக்கு வேர்த்துக் கொட்டுது," என்றான் கொழுந்தன்.

"நீ பூக்கப் போறியா?"

அவன் பழைய நாளிதழை மடித்து விசிறிக்கொண்டான்.

கொழுந்தன் மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் மொட்டு கண்ணில் பட்டது. அந்த வாரம் முழுக்க அக்கா செடிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்தன்று காலையில் பூத்துவிட்டது. நல்ல ரோஜா நிறம்.

மண்டப வாசலில் பூத்தட்டு வழக்கம்போல எங்களைத் தாண்டியது. அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மாதான் வழியை மறித்தாள்.

"என்னம்மா இது? புருஷன் இல்லாதவங்க தலையில பூவு?"

"கேமரன் பூ. இதுக்கு ஐஸ் சுமந்தவ நான். எடுக்கச் சொல்றவங்க முதல்ல ஒரு மூட்டை ஐஸ் சுமந்துட்டு வாங்க."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பெண்ணைப் பெற்றவன் என்ன சொல்வானோ என்று நான் மேடைப் பக்கம் பார்த்தேன். கொழுந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணி, முன் வரிசைக்கு வாங்க. ஃபேன உங்க பக்கம் திருப்பி வச்சிருக்கேன்."

நானும் அவள் பின்னாலேயே நிமிர்ந்துதான் நடந்தேன். செடியில் பூத்தது இரண்டே பூ. புறப்படும் முன் "ஆடாம நில்லுடி" என்று அதட்டி, ஒன்றை என் கொண்டையில் செருகியிருந்தாள். பெரிய பூ என்னிடம்தான் இருந்தது.