உலகத்திலேயே முதல் ஸ்பிரிங்

"தண்ணி வெச்சிருந்த கிண்ணம் எங்க?"

சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் கேட்டார் விஞ்ஞானி. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். கடந்த மூன்று வருடமாக அவர் எதைக் கேட்டாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்.

"எந்தக் கிண்ணம்?"

"ஜன்னலோரம் வெச்சிருந்தேனே. உப்புத் தண்ணி. வெதுவெதுன்னு."

"ஓ, அதுவா. தம்பிக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம். மாமா எனக்காகப் போட்டு வெச்சிருக்காரு பாருக்கான்னு சந்தோஷமா எடுத்துட்டுப் போனான். எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. பரவாயில்ல, இந்த மனுஷனுக்கும் ஈவு இரக்கம் இருக்குன்னு."

விஞ்ஞானி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

விஞ்ஞானி என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். உண்மையில் அவர் பேனா ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினீயர். பேனாவின் தலையை அமுக்கினால் டக்கென்று முள் வெளியே வருமே, அந்த ஸ்பிரிங். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் அவருடைய மேஜையில் உப்புத் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் இருந்த பேட்டரி அதில் பட்டு, கம்பி நுனியில் இருந்த ஒரு ஸ்பிரிங் தானாகக் கழன்று விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் மேஜையைத் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இவருக்கு மூளையில் மின்னல் வெட்டியது.

மனிதனின் தலைக்குள் ஏதோ ஒரு இரத்தக் குழாய் பலவீனப்பட்டு, பலூன் போல வீங்கிவிடுகிறது. அது வெடித்தால் ஆள் காலி. அது வெடிப்பதற்குள், ஒரு நீளக் கம்பியின் நுனியில் முடியைப் போன்ற பிளாட்டினச் சுருளைப் பொருத்தி, குழாய் வழியாகவே உள்ளே அனுப்பினால்? சுருள் அந்த வீக்கத்துக்குள் போய்ச் சுருண்டு படுத்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு வெளியிலிருந்து துளி மின்சாரம். இணைப்பு கரையும். சுருள் உள்ளே தங்கிவிடும், கம்பி மட்டும் வெளியே வந்துவிடும். மண்டையைத் திறக்கவே வேண்டாம்.

உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை. ஆகவே உலகத்தில் யாருக்கும் தெரியக் கூடாத யோசனை.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் முதலாளி. அன்று முதல் தொழிற்சாலையில் அவருக்குத் தனி அறை. அதற்கு இரண்டு பூட்டு. எந்த டாக்டரிடமும் அவர் வாயைத் திறந்ததில்லை. கேட்டால் டாக்டரே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வார். புத்தகக் கடையில் புத்தகம் கேட்டதில்லை. கடைக்காரன் மோப்பம் பிடித்துவிடுவான். இன்டர்நெட்டில் தேடியதே இல்லை. "நாம என்ன தேடுறோம்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னா, அப்புறம் தேடுறது அவன், கிடைக்கிறதும் அவனுக்கு" என்பது அவருடைய தத்துவம். இரத்த ஓட்டத்தைப் பள்ளிக்கூடத்துப் படம் ஒன்றை வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார்.

மனைவியிடம்கூட, இடது கையால் எழுதுபவர்களுக்குத் தனி ஸ்பிரிங் செய்வதாகத்தான் சொல்லியிருந்தார். கட்டியவளிடம் மறைத்தது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவளுக்கு ஒரு தம்பி இருந்தானே.

அந்தத் தம்பிதான் வேலை தேடும் சாக்கில் வந்து ஹாலில் குடியேறியிருக்கிறான். வேலை கிடைக்கவில்லை, பேச ஆட்கள் கிடைத்தார்கள். ஒரு கதையை அவன் தொடங்கினால் அதன் கிளைக்கதை முடிவதற்குள் கேட்பவருக்குத் தலை நரைத்துவிடும்.

இன்று மதியம் முதலாளி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரைத் தொழிற்சாலைக்கு அழைத்து வருகிறார். 'உலகத்திலேயே முதல்' என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறார். சுருள் டாக்டரின் கண் முன்னால் கழல வேண்டும். கழலாவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு, விஞ்ஞானி சிவப்புப் பேனாப் பிரிவுக்குப் போக வேண்டும். சிவப்புப் பேனாப் பிரிவு என்றால் ஓய்வு பெறும்வரை யாரும் கண்டுகொள்ளாத மூலை.

இருந்த பிளாட்டினத்தில் ஒரே ஒரு சுருள்தான் செய்ய முடிந்தது. கடைசி ஒத்திகைக்காக அதை ரகசியமாக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். காலையில் கிண்ணத்து உப்புத் தண்ணீரில் பேட்டரியைக் காட்டியதும் அழகாகக் கழன்று அடியில் போய் உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கப் போனார். அதுதான் அவர் செய்த தவறு.

ஹாலில் மைத்துனன் காலி டம்ளருடன் சோபாவில் சாய்ந்திருந்தான்.

"மாப்ள, அந்தத் தண்ணிய கொப்பளிச்சுத் துப்பிட்டியா?"

"துப்பாம? ஆனா மாமா, உங்க கைப்பக்குவமே தனி. தொண்டை அப்படியே திறந்துக்கிச்சு."

"துப்பினப்ப ஏதாவது, முடி மாதிரி, சுருளா?"

"கடைசி மடக்கு துப்பல மாமா. இதமா இருந்துச்சு, முழுங்கிட்டேன்."

விஞ்ஞானி சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். உலகத்தின் முதல் சுருள் மைத்துனனின் வயிற்றில். உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் மாலைக்குள் நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும். எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், எடுக்க வழி பார்க்கலாம். பிளாட்டினம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்.

"மாப்ள, உன் முகம் ஏன் வெளுத்துப் போயிருக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். மைத்துனன் எழுந்து கண்ணாடியைப் பார்த்தான். நாக்கை நீட்டினான். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தான்.

"மறுபடியுமா?" என்று முனகிக்கொண்டே சோபாவில் நீட்டிப் படுத்துவிட்டான். "அக்கா, எனக்கு எதுவோ ஆகுதுக்கா. முன்னாடியும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மாமா, அப்ப ஆஸ்பத்திரியில நான் படுத்திருந்தப்ப..."

"கதை அப்புறம். ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்."

"எக்ஸ்ரேயா?" அக்காள் கையில் கரண்டியுடன் ஓடி வந்தாள். "தனக்கு நெஞ்சுவலி வந்தப்பகூட ஒரு மாத்திரையோட முடிச்சுக்கிட்ட கஞ்ச மனுஷன், உன்னை எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போறேங்கறாரா? டேய் தம்பி, என்னமோ பெருசாத்தான் இருக்கு."

அவள் அழ ஆரம்பித்தாள். அக்காள் அழுததைப் பார்த்துத் தம்பியும் அழுதான். அழுதுகொண்டே அவள் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா அங்கே அழுதது ஹால் முழுக்கக் கேட்டது.

நிலைமையைச் சமாளிக்க விஞ்ஞானி கொஞ்சம் உண்மையைக் கலந்தார்.

"அட, ஒண்ணுமில்ல. என் ஆபீஸ் ஸ்பிரிங் ஒண்ணு தண்ணியில விழுந்திருச்சு. அதை முழுங்கியிருப்பானோன்னு ஒரு சந்தேகம். சின்னது. முடி கனம்தான்."

அழுகை நின்றது. நின்றிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

"அப்போ தெரிஞ்சேதான் வெச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. "ஸ்பிரிங்கைத் தண்ணியில போட்டு, என் தம்பி கைக்கு எட்டுற இடத்துல."

"நான் ஏன்டி அப்படிச் செய்யப் போறேன்?"

"அவன் இங்க இருக்கறது உங்களுக்கு முள்ளா குத்துதே, அதான். அவன் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஒரு மாசம் நான் கூடவே இருந்தேன். நீங்க எட்டிப் பாத்தீங்களா? என்ன வியாதின்னாவது கேட்டீங்களா?"

"அப்ப வெளிநாட்டு ஆர்டர் இருந்துச்சு. பச்சைப் பேனா."

"பச்சைப் பேனா" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

வாடகைக் காரில் போகும்போது முதலாளி போன் செய்தார்.

"டாக்டர் சீக்கிரமே வந்துட்டாரு. உங்க கண்டுபிடிப்பு ரெடியா?"

காரியம் கைகூடும்வரை முதலாளிக்கு அது 'உங்க கண்டுபிடிப்பு'.

"ஐயா, அது வந்து... சாம்பிள் இப்ப ஒருத்தருக்குள்ள இருக்கு. எக்ஸ்ரே எடுக்க பஸ் ஸ்டாண்ட் சென்டருக்குப் போயிட்டிருக்கோம்."

"எது? உயிரோட இருக்கிற ஆளுக்குள்ளயா?"

விஞ்ஞானி பக்கத்தில் பார்த்தார். மைத்துனன் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு இறுதி விடை கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இதுவரைக்கும் உயிரோடதான் இருக்காருங்க."

"அடேயப்பா. நான் பொம்மையில காட்டுவீங்கன்னு நெனச்சேன், நீங்க மனுஷனுக்கே வெச்சுட்டீங்களா. பஸ் ஸ்டாண்ட் சென்டர்தானே? நான் டாக்டரை நேரா அங்கயே கூட்டிட்டு வரேன். நம்ம கண்டுபிடிப்புய்யா இது."

'வேண்டாம்' என்று சொல்வதற்குள் போன் அடங்கிவிட்டது.

எக்ஸ்ரே எடுக்கும் அம்மாள் எதற்கும் அசராதவர். வயிற்றைப் படம் எடுத்துவிட்டு வந்து சொன்னார்:

"ஒண்ணும் இல்லை. காலையில நிறைய சாப்பிட்டிருக்காரு, அது தெரியுது."

"நல்லாப் பாருங்கம்மா. முடி மாதிரி இருக்கும்."

"முடியும் இல்லை, மயிரும் இல்லை. அடுத்த ஆளை வரச் சொல்லட்டுமா?"

விஞ்ஞானி கணக்குப் போட்டார். கொப்பளிக்கும்போது மனிதன் தலையை அண்ணாந்துகொள்கிறான். அப்படியானால் சுருள் கீழே போகாமல் மேலே போயிருக்கலாம். மூக்குப் பக்கம்.

"தலையை எடுங்கம்மா."

"தலையா?" மைத்துனன் படுத்த இடத்திலிருந்து எழுந்தான். "மாமா, தலையில எடுத்தா..."

"பேசாம படு."

"இல்ல மாமா, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"மாப்ள, இது உன் கதை கேட்கிற நேரமில்லை. பேசினா படம் ஆடும். வாயை மூடு."

மைத்துனன் வாயை மூடிக்கொண்டான். அவன் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவர் சொல்லி வாயை மூடியிருப்பான்.

சற்று நேரத்தில் அந்த அம்மாள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே இருக்குது. சின்ன நூல்கண்டு மாதிரி சுருண்டிருக்கு. ஆனா மூக்குல இல்ல, மூளைக்கிட்ட."

விஞ்ஞானி ஓடிப் போய்த் திரையைப் பார்த்தார். மண்டையோட்டின் நடுவில், கண்ணுக்குப் பின்னால், வெள்ளை வெளேரென்று, உருண்டையாகச் சுருண்டு படுத்திருந்தது அவருடைய கனவு. எந்த இடத்தில் எப்படிப் படுக்க வேண்டும் என்று மூன்று வருடம் காகிதத்தில் வரைந்தாரோ, அதே இடம், அதே படுக்கை.

அவருக்குக் கண் கலங்கியது. தள்ள ஆளில்லை, கம்பியில்லை. தொண்டையில் இறங்கிய சுருள் தானாகவே வழி கண்டுபிடித்துத் தலைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. இரத்தக் குழாய்க்குள் அது எப்படி நுழைந்தது என்ற கேள்வி ஒரு கணம் எட்டிப் பார்த்தது. பெரிய கண்டுபிடிப்புகளில் சின்னக் கேள்விகளுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று அதை அனுப்பிவிட்டார்.

முதலாளிக்குப் போன் போட்டார்.

"ஐயா, அது தானாவே போயிடுதுங்க. முழுங்கினா போதும்."

"முழுங்கினா போதுமா?" முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "மாத்திரை மாதிரி? வாசலுக்கு வந்துட்டோம். இனிமே யார்கிட்டயும் பேசாதீங்க. இது என் கண்டுபிடிப்பு."

படுக்கையிலிருந்து மைத்துனன் கையைத் தூக்கினான், வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கும் பையனைப் போல.

"மாமா, இப்பவாவது பேசலாமா?"

"பேசக் கூடாது. உனக்குத் தெரியாது மாப்ள, நீ சரித்திரத்துல இடம் பிடிச்சுட்டே. உனக்கு எந்த வேலையும் வேண்டாம். நீ இனிமே என் கூடவே இரு. ஹால் என்ன, மாடி ரூமையே எடுத்துக்கோ."

"மாடி ரூமா?" என்றவன் சொல்ல வந்ததை யோசித்து நிறுத்திக்கொண்டான்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, தம்பி எப்படி இருக்கான்?"

"உன் தம்பி தங்கம்டி. தங்கமில்ல, பிளாட்டினம்."

"என்ன உளறுறீங்க? இங்க பாருங்க, அந்தக் கிண்ணத்தைக் கழுவப் போட்டேன். அவன் தண்ணியை டம்ளர்ல ஊத்திக்கிட்டு கிண்ணத்தை சோபாவுக்கு அடியில வெச்சுட்டான் போலிருக்கு. அடியில ஒரு சுருட்டை முடி ஒட்டிக்கிட்டிருக்கு. பளபளன்னு. இதுதானா உங்க இடதுகை ஸ்பிரிங்கு? தூக்கிப் போட்டுடட்டுமா?"

விஞ்ஞானியின் கையிலிருந்த போன் மெல்லக் கீழே இறங்கியது. அவர் திரையைப் பார்த்தார். மைத்துனனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"மாப்ள," என்றார், இந்த முறை உண்மையாகவே குரல் தாழ்ந்து. "அப்போ உன் தலையில இருக்கறது என்ன?"

மைத்துனன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கதவும் திறந்தது. முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார். பின்னால் தலைமை டாக்டர்.

"பாருங்க டாக்டர். உலகத்திலேயே முதல் ஆள். இவர் தலைக்குள்ளதான் இருக்கு என் கண்டுபிடிப்பு."

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு திரும்பிப் படுக்கையில் இருந்தவனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் போய் அவன் தோளில் கை வைத்தார்.

"என்ன தம்பி, மறுபடியும் தலைவலியா? பயப்படாதீங்க, இந்தச் சுருளை உங்களுக்கு வெச்ச அன்னைக்கே சொன்னேனே, இது ரொம்பப் பழைய வைத்தியம், நான் படிக்கிற காலத்துலேருந்தே வெச்சுட்டுத்தான் இருக்காங்க."